நரம்பு என்றொரு சொல்

யாழுக்கு நரம்பு உண்டு. மருத்துவமனையில் போடுவதும் 'நரம்பு ஊசி'. முதியவரின் காலில் நீலநிறத்தில் முறுக்கிப் புடைத்து நிற்பதும் 'நரம்பு சுருட்டல்'. விளையாட்டிலே கால் பிசகியவன், குதிகால் 'நரம்பு' இழுத்துக்கொண்டது என்கிறான். மூளையினின்றும் புறப்பட்டு விரல் நுனிவரை செய்தி சுமந்து ஓடும் இழைக்கும் பெயர் நரம்புதான்! ஊசி ஏறுவது இருண்ட குருதியை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் சிரையில். காலில் புடைப்பதும் சிரையே. குதிகாலில் இழுத்தது தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண். மூளையின் தூதனோ இவை எவற்றோடும் உறவில்லாத தனிப்பொருள். பொருள் மூன்று, பெயர் ஒன்று!

இது தமிழுக்கு நேர்ந்த குறை என்று எவரும் நாணவேண்டியதில்லை. கிரேக்கரின் 'நியூரான்' என்ற சொல்லும் முதலில் வில்லின் நாணையும் உடலின் தசைநாணையும் குறித்ததுதான். இன்று உலகத்து மருத்துவரெல்லாம் மூளையின் உயிரணுவுக்கு அப்பெயரைச் சூட்டியிருக்கின்றனர். வடமொழியின் 'ஸ்நாயு'வும் அப்படியே. பலகைகளைக் கயிற்றால் இறுகக் கட்டிய ஓடம் சுமை தாங்குவதுபோல, ஸ்நாயுக்களால் கட்டுண்ட மூட்டுகள் உடலைத் தாங்குகின்றன என்று சுசுருதரின் பெயரால் வழங்கும் நூல் உவமை சொல்கிறது. ஆகவே அது கட்டும் கயிறு. வங்காளத்திலோ இன்று 'ஸ்நாயு' என்றால் உணர்வு நரம்பு! விலங்கை உரித்தவன் கண்ட வெண்ணிறக் கயிறுகளுக்கெல்லாம் ஒரே பெயர் வைத்தான். மூன்று மொழியாரும் வில்லுக்கும் யாழுக்கும் நாண் தேடியவர்களே. இதில் வியப்பு ஒன்றும் இல்லை. வியப்பெல்லாம், அக்கயிறுகளை ஒன்றினின்று ஒன்று பிரித்தறிய மாந்தர் இரண்டாயிரம் ஆண்டுகள் எடுத்துக்கொண்டதில்தான்.

கண்ணை நம்பாமல் ஏட்டை நம்பினால் என்ன நேரும் என்பதைக் காட்ட, வானநூல் வரலாற்றைத்தான் நம்மவர் அடிக்கடி எடுத்துக்காட்டுவர். கலீலியோவின் கதையை அறியாத இளைஞர் நம்மில் இல்லை. ஆனால் தன் முழங்கையின் உட்புறத்திலேயே அதனினும் பெரிய கதை ஒன்று அடங்கிக் கிடப்பதை எத்தனை பேர் அறிவர்?

அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) பேரறிவாளர், மறுப்பில்லை. விலங்குகளை அறுத்துப் பார்த்தவர்; கோழி முட்டைக்குள் குஞ்சின் இதயம் துடிப்பதைக் கண்டு எழுதியவர். அவரே, நாண்களெல்லாம் இதயத்தில் தொடங்குகின்றன என்றார். மூளையோ இதயத்தின் வெப்பத்தைத் தணிக்கும் குளிர்ச்சிப் பொருள் என்றார். அவர் 'நியூரான்' என்றபோது கண்டது தசைநாணையும் கட்டுநாரையும் மட்டுமே; உணர்வு நரம்பு என்றொன்று உண்டென்பதே அவருக்குத் தெரியாது. அவருக்குச் சற்றுப் பின்வந்த கோஸ் தீவின் பிராக்சகோரஸ், குருதிக்குழாய்களைத் தமனி, சிரை என இரண்டாகப் பிரித்தார். பெரிய அடிதான் எடுத்துவைத்தார். ஆனால் உடனே சறுக்கினார்: தமனிகளில் ஓடுவது குருதியன்று, காற்று என்றார், அத்தமனிகள் மெலிந்து மெலிந்து, உள்துளை மறைந்து, கடைசியில் 'நியூரான்' ஆகிவிடுகின்றன என்றும் சொன்னார். தமனியும் நரம்பும் ஒரே கொடியின் அடியும் நுனியும் என்று ஆயிற்று!

தமனியில் காற்று என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? பிணத்திலிருந்து வந்தது. உயிர் பிரிந்தபின் தமனிகளில் குருதி தங்குவதில்லை; பெரும்பாலும் சிரைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அறுத்துப் பார்ப்பவன் காண்பது வெறுங்குழாய். கிரேக்கத்தில் 'ஆர்டீரியா' என்பதே முதலில் மூச்சுக்குழாய்க்கு வழங்கிய பெயர். பிற்காலத்தில் இரண்டையும் வேறுபடுத்த, மூச்சுக்குழாயைச் 'சொரசொரப்பான ஆர்டீரியா' என்று அழைத்தனர். அந்தச் 'சொரசொரப்பு' என்ற அடைமொழியே இன்று 'டிரக்கியா' என்று மூச்சுக்குழாயின் பெயராக நிற்கிறது. பெயர்ச்சொல் குருதிக்குழாயோடு போய்விட்டது. வீட்டை ஒருவன் எடுத்துக்கொள்ள, திண்ணை மற்றவனுக்கு வந்த கதை!

முடிச்சை அவிழ்த்தது அலெக்சாந்திரியா. எகிப்தை ஆண்ட தாலமி மன்னர்களின் ஆதரவில், கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஹெரோஃபிலஸ், எராசிஸ்திராத்தஸ் என்ற இருவர் மனித உடலையே அறுத்து ஆராய்ந்தனர். மூளையிலிருந்தும் முதுகுத்தண்டிலிருந்தும் புறப்படும் நரம்புகள் வேறு, தசைநாண்கள் வேறு என்று கண்டனர். உணர்வு கொண்டுவரும் நரம்பு, இயக்கம் கொண்டுசெல்லும் நரம்பு என்ற பிரிவையும் கண்டனர். தமனியின் சுவர் சிரையின் சுவரைவிட ஆறு மடங்கு தடிப்பு என்று ஹெரோஃபிலஸ் அளவிட்டார். சிறைக் குற்றவாளிகளை மன்னர் அளிக்க, உயிரோடே அறுத்தனர் என்று உரோம எழுத்தாளர் செல்சஸ் எழுதிவைத்திருக்கிறார். அது உண்மையாயின், அறிவுத்தொண்டு என்று பாராட்ட நமக்கு வாய் எழவில்லை. அறுபட்டவன் அரசனல்லன், அமைச்சனல்லன், கேட்பாரற்ற கைதி. இந்த ஒன்று மட்டும் எல்லா நாட்டிலும், எல்லாக் காலத்திலும் மாறவில்லை.

அடுத்து வந்தவர் கேலன். பெர்கமம் நகரத்தில் கி.பி. 129இல் பிறந்து, களத்தில் வாட்போர் புரிந்த மல்லர்களுக்கு மருத்துவம் பார்த்து, உரோம அரண்மனை வரை உயர்ந்தவர். உயிருள்ள விலங்கின் தமனியில் இரண்டு இடத்தில் இறுகக் கட்டி, நடுவே கீறிக் காட்டினார்: உள்ளே இருந்தது குருதி! நானூறு ஆண்டுக் காற்று ஒரு கீறலில் வெளியேறிற்று. மற்றொன்றும் செய்தார். கூட்டத்தின் நடுவே பன்றி ஒன்றைக் கட்டிவைத்துக் கழுத்தைக் கீறினார். பன்றி கத்தியது. மூச்சுக்குழாயை ஒட்டி ஓடும் மெல்லிய வெண்ணிழையை நூலால் கட்டினார். துள்ளல் நிற்கவில்லை, குரல் மட்டும் நின்றது! கட்டை அவிழ்த்ததும் மீண்டும் கத்தியது. பேச்சு இதயத்தில் பிறக்கிறது என்று வாதிட்ட தத்துவவாதிகளின் வாயும் அன்று அந்தப் பன்றியின் வாயோடு சேர்ந்து அடைபட்டது. கழுத்துக் கட்டியை அகற்றப் போன மருத்துவன் ஒருவன், அந்த இழை இன்னதென்று அறியாமல் பிய்த்தெறிந்து, ஒரு சிறுவனை ஊமையாக்கியதையும் கேலன் பதிந்திருக்கிறார். தைராய்டுச் சுரப்பியில் கத்தி வைக்கும் இன்றைய அறுவை மருத்துவரும் அந்த நரம்பைத் தேடிக் காப்பாற்றிவிட்டுத்தான் மேற்செல்கிறார்.

பசானியஸ் என்ற சொற்பொழிவாளனுக்குக் கையில் இரண்டரை விரல் மரத்துப்போயிற்று. மருத்துவர் பலர் விரலுக்கே மருந்து பூசிப் பூசிச் சலித்தனர். கேலன் கேட்டது ஒரு கேள்வி: எங்கேனும் விழுந்தாயா? வண்டியிலிருந்து விழுந்து முதுகின் மேற்புறத்தில் அடிபட்டதை அவன் சொன்னான். விரலை விட்டுத் தண்டுவடத்துக்கு மருத்துவம் செய்தார், விரல் பிழைத்தது. நரம்பின் வேர் எங்கே என்று தெரிந்தவனுக்கும், மரத்த இடத்தையே தடவிக்கொண்டிருப்பவனுக்கும் உள்ள வேறுபாடு அது.

இத்தகைய கேலனைத்தான் பின்வந்தோர் கடவுளாக்கினர்! அங்கே பிடித்தது சனி. உரோமில் மனித உடலை அறுக்க வழக்கம் இடந்தரவில்லை. எனவே கேலன் அறுத்தவை குரங்கும், பன்றியும், மாடும். மாட்டின் மூளையடியில் தமனிகள் பின்னிய வலை ஒன்று உண்டு, மனிதனுக்கு இல்லை. 'அற்புத வலை' எனப்படும் அதுவே, உயிர்க்காற்று மனக்காற்றாக மாறும் இடம் என்றார். மனிதன் தலையில் இல்லாத வலையை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் மனிதன் கற்றான்! ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியர் உயர்ந்த நாற்காலியில் அமர்ந்து கேலனின் நூலை இலத்தீனில் படிப்பார். கீழே நாவிதர் ஒருவர் பிணத்தை அறுப்பார். நூலில் ஒன்றிருக்கும், பிணத்தில் மற்றொன்றிருக்கும். படித்தவர் குனிந்து பார்ப்பதில்லை. பார்த்தவருக்கு இலத்தீன் தெரியாது.

இக்காட்சி நமக்குப் புதிதா என்ன? சுசுருதரின் நூலைப் புரட்டுங்கள். பிணத்தைப் புல்லால் சுற்றி, ஓடும் நீரில் ஏழு இரவு ஊறவைத்து, பின் தூரிகையால் மெல்லத் தேய்த்துத் தேய்த்துத் தோல் முதல் உள்ளுறுப்பு வரை நேரில் காணவேண்டும் என்று அது விதிக்கிறது. கண்ணால் காண் என்ற அந்த விதியை நாம் மனமாரப் போற்றுகிறோம். ஆனால் அதே நூலில் சிரைகள் எழுநூறு, தமனிகள் இருபத்துநான்கு, ஸ்நாயுக்கள் தொள்ளாயிரம் என்று கணக்கு வருகிறது. சிரையும் தமனியும் கொப்பூழில் தொடங்குவதாகவும் வருகிறது. கருவில் இருக்கும் குழவிக்குக் கொப்பூழ்க்கொடி வழியே குருதி வருவது மெய். வளர்ந்தவனுக்கு மூலம் இதயமன்றோ! முதலில் எண்ணியவர் கண்டதை எண்ணியிருக்கலாம். பின்வந்தவர் எண்ணவில்லை, எண்ணை ஓதினர். நாடி எழுபத்தீராயிரம் என்ற பாட்டும் அப்படியே தலைமுறை தலைமுறையாக வந்தது. எண்ணிப் பார்த்தவர் யார் என்று கேட்டால், கேட்டவன் நாத்திகன்!

ஏன் கத்தி நின்றது? பிணந்தொட்டால் தீட்டு என்றது வைதிகம். குருதியும் சீழும் தொட்டவன் தாழ்ந்தான் என்றது சாதி. கட்டியைக் கீறியதும், பிள்ளைப்பேறு பார்த்ததும் தமிழகத்தில் மருத்துவர் குலத்து ஆடவரும் பெண்டிரும். கையறிவு அவர்களிடம் இருந்தது, ஏடு இல்லை. ஏடு வைத்திருந்தவனிடம் கத்தி இல்லை. இரண்டும் ஒருவரிடம் சேராதபடி சமூகம் காவல் நின்றது. 1836ஆம் ஆண்டு கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தர் பிணத்தின்மேல் கத்தி வைத்தார். சமற்கிருதக் கல்லூரியில் ஆயுர்வேதம் கற்பித்தவர் அவர். புதிய காலத்தில் அக்கட்டை உடைத்த முதல் இந்தியராக எண்ணப்படுகிறவர். ஏட்டறிவும் கத்தியும் ஒரு கையில் சேர்ந்த அந்நாளை நம் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் பட்டியல்களில் காணோம்.

ஐரோப்பாவில் அவ்வேலையைச் செய்தவர் வெசாலியஸ். 1514இல் பிரசல்சில் பிறந்தவர். பதுவா நகரில் இருபத்து மூன்று வயதில் பேராசிரியரானவர். நாற்காலியை விட்டு இறங்கி, நாவிதரின் கத்தியைத் தாமே வாங்கிக்கொண்டார். அவரும் தொடக்கத்தில் ஆட்டுத்தலையை வைத்தே மாணவருக்கு 'அற்புத வலை'யைக் காட்டிவந்தார். பின்னர் அதை வெட்கத்தோடு எழுதினார். மனிதனிடம் அது இல்லை என்றும் எழுதினார். 1543இல் அவரது பெருநூல் பேசல் நகரில் அச்சேறியது. கேலன் மனிதன் என்று எண்ணி எழுதியவற்றுள் பல குரங்கின் உறுப்புகள் என்று படத்தோடு காட்டியது. ஆணுக்கு ஒரு விலா எலும்பு குறைவு, அதிலிருந்தே பெண் படைக்கப்பட்டாள் என்று நம்பியோரிடம், ஆணுக்கும் பெண்ணுக்கும் பன்னிரண்டு இணை விலா எலும்புகளே என்று எண்ணிக் காட்டியது.

பொறுப்பார்களா! பாரிசில் அவருக்குப் பாடம் சொன்ன சில்வியசே சீறினார். வெசாலியஸ் என்ற பெயரைச் சிதைத்துப் 'பித்தன்' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லாக்கி நூல் எழுதினார். கேலன் பிழை செய்திருக்க முடியாது. அவர் காலத்துக்குப் பிறகு மனித உடலே மாறிவிட்டது என்றார்! தொடை எலும்பு கேலன் சொன்னதுபோல வளையாமல் நேராக இருக்கிறதே என்றால், இக்காலத்தவர் இறுக்கமான காற்சட்டை அணிவதால் நிமிர்ந்துவிட்டது என்று அவர் விளக்கம் தந்ததாகச் சொல்வர். நூல் தவறாது, உலகந்தான் தவறிற்று! இவ்வாதத்தை நாம் எத்தனை மேடைகளில், எத்தனை சாத்திரங்களின் பெயரால் கேட்டிருக்கிறோம்!

இனி முழங்கைக்கு வருவோம். கையை நீட்டி உட்புற மடிப்பைப் பாருங்கள். தோலுக்கடியில் நீலமாகத் தெரிவது சிரை. அதற்கு அடியில், வெளிப்புறமிருந்து உட்புறமாக வரிசையாக மூன்று: முதலில் புயத்துத் தசையின் நாண், அடுத்துத் தமனி, அதற்கடுத்து நரம்பு. கையை மடக்கினால் விறைத்து விரலுக்குத் தட்டுப்படுவது தசைநாண். அதன் உட்பக்கத்தில் துடிப்பது தமனி. நரம்பு துடிக்காது, விறைக்காது. அறுத்துப் பார்த்தாலும் அடையாளம் உண்டு. தமனியின் வாய் வட்டமாகத் திறந்தே நிற்கும். சிரையோ சுருங்கி ஒட்டிக்கொள்ளும். தசைநாண் பட்டுப்போலப் பளபளக்கும். நரம்பு மங்கலாய், மென்மையாய், உள்ளே நூற்கற்றைகள் கட்டியதுபோல் இருக்கும். நான்கும் விரலகலத்துக்குள்!

இந்த விரலகலத்தில்தான் ஐரோப்பா முழுவதும் நூற்றாண்டு நூற்றாண்டாகக் கத்தி வைத்தது. காய்ச்சலா, தலைவலியா, பித்தா — எதற்கும் குருதி வடிப்பதே மருந்து. நாவிதர் சிரையைக் கீறுவார். கை அரை நூல் ஆழம் தவறினால் தமனி. பக்கவாட்டில் தவறினால் நரம்பு. பிரான்சு மன்னன் ஒன்பதாம் சார்லசுக்கே அது நேர்ந்தது. சிரையைக் கீறப்போன கத்தி நரம்பைக் குத்த, கடும் வலியெடுத்து, மூன்று மாதத்துக்கு மேல் கையை மடக்கவும் நீட்டவும் இயலாது கிடந்தான் என்று அவனது அறுவை மருத்துவர் அம்புரோவாசு பாரே எழுதியுள்ளார். மன்னனுக்குப் பாரே இருந்தார். மாட்டுக்காரனுக்கு யார் இருந்தார்? 1757இல் வில்லியம் ஹண்டர் மற்றொன்றை விளக்கினார்: கத்தி சிரையைத் துளைத்து அடியிலுள்ள தமனியையும் துளைத்தால், இரண்டும் வழிதிறந்து ஒன்றாகி, தமனியின் குருதி நேரே சிரைக்குள் பாய்ந்து அதை வீங்கித் துடிக்கச் செய்யும்.

அச்சிரைக்கும் தமனிக்கும் இடையே தசைநாணிலிருந்து பிரியும் மெல்லிய சவ்வுத்தகடு ஒன்று உண்டு. பலமுறை கத்தியைத் தடுத்து உயிர்காத்தது அதுவே. குருதி வடிப்போர் அதற்கு வைத்த பெயர் 'இறையருள்'! காத்தது சவ்வு, பெயர் ஆண்டவனுக்கு. வடிக்கவே தேவையில்லாத குருதியை வடிக்கச் சொன்ன நூலை மட்டும் எவரும் குறை கூறவில்லை.

அதே முழங்கைதான் விடையையும் தந்தது. பதுவாவில் பயின்ற ஆங்கிலேயர் வில்லியம் ஹார்வி கையை இறுகக் கட்டினார்; தமனி அடைபட்டுக் கை வெளுத்துக் குளிர்ந்தது. கட்டைச் சற்றே தளர்த்தினார். ஆழத்துத் தமனி திறந்தது, மேலுள்ள சிரை மட்டும் அடைபட்டுப் புடைத்தது. அதில் முடிச்சு முடிச்சாகத் தெரிந்த தடுப்பிதழ்கள் குருதியை ஒரு திசையில் மட்டுமே விட்டன. தமனி கொண்டுபோகிறது, சிரை கொண்டுவருகிறது! 1628இல் நூலாக்கினார். இதயத்தின் நடுச்சுவரில் துளை இல்லை, குருதி நுரையீரல் வழியே சுற்றுகிறது என்று கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்நஃபீஸ் 1242இலேயே எழுதியிருந்தார். அதை உலகம் திரும்பக் கண்டெடுத்தது 1924இல். தமனியையும் சிரையையும் இணைக்கும் மயிரிழைக் குழாய்களைத் தவளையின் நுரையீரலில் நுண்ணோக்கியால் மால்பிகி 1661இல் கண்டார். சங்கிலி மூடிற்று.

சொல் தெளியாத இடத்தில் எத்தன் கடை விரிப்பான். 'நரம்புச் சிலந்தி' என்று நம் ஊரார் சொன்ன நோயை அரபியர் 'மதினா நரம்பு' என்றனர். காலைத் துளைத்து வெளிவந்தது நரம்பன்று, குடிநீரால் பரவும் புழு. புழு என்று தெரிந்தபின் செய்ய வேண்டியது மந்திரமன்று, நீரை வடிகட்டுவது. இந்தியாவில் கடைசி நோயாளி 1996இல். 2000இல் நோயற்ற நாடு என்ற சான்று கிடைத்தது. 'நரம்புத் தளர்ச்சி'யோ இன்றும் ஒழியவில்லை. மாதமொருநாள் விடுதி அறையில் முகாமிடும் 'வைத்தியர்' இளைஞனை அச்சுறுத்தி லேகியம் விற்கிறாரே, எந்த நரம்பு தளர்ந்தது என்று கேட்டிருக்கிறோமா? சிரையா, நாணா, மூளையின் இழையா? கேட்டால் அவர் சொல்லமாட்டார். இயற்கையான உணர்வைக் குற்றமாக்கி, அக்குற்றத்தை ஒரு மங்கலான சொல்லில் கட்டி விற்பது அவர் வாணிகம்.

இத்தெளிவெல்லாம் ஆங்கிலத்தில்தான் வரும், தமிழில் உடற்கூறு சொல்ல முடியாது என்போர்க்கு ஒரு செய்தி. அமெரிக்கரான மருத்துவர் சாமுவேல் கிரீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, தமிழ் கற்று, தமிழிலேயே மாணவர்க்கு மேனாட்டு மருத்துவம் பயிற்றினார். சமயம் பரப்ப வந்தவர். அது நமக்கு உடன்பாடன்று. ஆயினும் 1858இல் இலண்டனில் வெளிவந்த கிரேயின் உடற்கூற்றுப் பெருநூல், 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872இலேயே தமிழில் அச்சாயிற்று அவர் முயற்சியால். இன்று ஈழத்துப் பாடநூல் நாடி, நாளம் என்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல் தமனி, சிரை என்கிறது. இரு கரையிலும் மூளையின் இழைக்கு மட்டுமே நரம்பு என்று பெயர். பாடநூலை மூடிவிட்டு மருத்துவமனைக்குப் போகும் மாணவனை, கையை நீட்டு, நரம்பு பார்க்கவேண்டும் என்கிறார் செவிலியர். அவனும் சிரையை நீட்டுகிறான்.